ரூட் கெனால் முடிந்த பல்லில் தற்காலிக அடைப்பு உதிர்ந்துவிட்டது, மறுபடி கிருமி உள்ளே போகுமா?

கேள்வி:
கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, மேலே வெள்ளையாக ஒரு தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பினார்கள். கேப்புக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தேன். நேற்று சாப்பிடும்போது அடைப்பில் ஒரு பக்கம் உதிர்ந்துவிட்டது, நாக்கை வைத்தால் குழி தட்டுப்படுகிறது. வலி துளியும் இல்லை. நரம்பையே எடுத்தாயிற்று, வேரையும் அடைத்தாயிற்று, இனி என்ன ஆகும் என்கிறார்கள் வீட்டில். அடுத்த மாதம் போனால் போதுமா?

பதில் 1:
வேண்டாம், நாளைக்கே போங்கள். நான் பல் மருத்துவர். நரம்பு இல்லாத பல் பெரும்பாலும் வலித்துக் காட்டாது. வேர் நுனியில் எலும்பு கரைந்து எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும்போதுதான் பலருக்கும் விஷயமே தெரிகிறது. வேருக்குள் வைக்கிற கட்டபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருள் பல்லோடு ஒட்டாது, சுற்றியுள்ள இடுக்கை நிரப்புவது சீலர் என்ற பசைதான், அது எச்சிலில் ஊறிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 1990-இல் டொராபினெஜாட் என்ற ஆய்வாளரின் குழுவினர், வேரை அடைத்து மேலே மூடாமல் விட்ட பற்களை ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஒரு வகை பாக்டீரியா 19 நாளிலேயே பாதிக்கும் மேற்பட்ட பற்களில் நுனிவரை போய்விட்டது, இன்னொரு வகைக்கு 42 நாள். வாய்க்குள் கணக்கு அப்படியே இருக்காது, ஆனால் மாதக்கணக்கில் தள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அப்புறம், இதில் பல் மருத்துவர்களான எங்கள் கைவேலைக்கும் பங்கு உண்டு. கேவிட் மாதிரியான தற்காலிக அடைப்பு 3.5 மில்லிமீட்டராவது கனம் இருக்க வேண்டும். அடியில் பஞ்சை நிறையத் திணித்தால் அந்தக் கனம் கிடைக்காது. பஞ்சின் ஓர் இழை விளிம்பில் மாட்டிக்கொண்டால் கூட, எச்சில் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். நான் கட்டபெர்ச்சாவை வேர்க்கால்வாயின் வாய்க்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் வெட்டி, அங்கே படிந்த சீலரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஃப்ளோவபிள் காம்போசிட் (இளகிய நிலையில் ஊற்றி இறுக வைக்கிற பல் நிற அடைப்பு) வைத்து மூடிவிடுவேன். மேல் அடைப்பு பிறகு போனாலும் உள்ளே ஒரு கதவு இருக்கும். இத்தனையும் ரப்பர் டேம், அதாவது எச்சில் படாமல் பல்லைத் தனியே பிரிக்கிற ரப்பர் விரிப்பு, மாட்டிச் செய்ய வேண்டும், இல்லையென்றால் அடைக்கும்போதே எச்சிலை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். ரே, ட்ரோப் என்ற ஆய்வாளர்கள் 1995-இல் ஆயிரத்துச் சொச்சம் பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது, வேர் அடைப்பும் மேல் அடைப்பும் இரண்டுமே நன்றாக இருந்த பற்கள்தான் அதிகம் தேறியிருந்தன.

கேள்வி கேட்டவர்:
நன்றி டாக்டர். அப்படியென்றால் முழுக்க மறுபடி செய்யச் சொல்வார்களா?

பதில் 1:
நேற்றுதான் உதிர்ந்தது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது, பார்த்துவிட்டுச் சுத்தம் செய்து மூடிவிடுவார்கள். மூன்று மாதம் திறந்தே கிடந்திருந்தால் திரும்பச் செய்வதைப் பற்றி யோசிப்போம். எப்போது உதிர்ந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், முடிவு அதை வைத்துத்தான். கேப்புக்கு இப்போது பணம் இல்லையென்றால் அதையும் சொல்லி, உறுதியான காம்போசிட் அடைப்பாவது போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம், குழிக்குள் கிராம்பு, பஞ்சு எதையும் வைக்காதீர்கள்.