புதுப்பிப்பு: டிஸ்னி வேர்ல்டுக்கு எந்தச் செருப்பு?

அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் நாலு நாள் நடக்க ஷூவா, செருப்பா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. பின்பக்கம் வார் வைத்த சாண்டல்தான் வாங்கினேன். பாதம் லேசாக வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் கடைக்குப் போய் அளவு பார்த்தேன். இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பழக்கினேன். அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாட்டு அரங்குகள், ஒரு சுற்றே கிட்டத்தட்ட 2 கி.மீ. குதிகால் நோகவே இல்லை.

ஆனால் பிற்பகல் மழையில் தோல் வார் ஊறிப்போய், சுண்டுவிரல் ஓரம் மிளகளவு கொப்புளம். சீக்கிரம் காயும் வாராகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். என் மனைவி புதுச் செருப்பை அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தார் (சொன்னால் கேட்டால்தானே!). மதியத்துக்குள் பையிலிருந்த என் ரப்பர் செருப்புக்கு மாறிவிட்டார், இரண்டு சைஸ் பெரிது.