தொழிலுக்கு நோக்கம் வேண்டுமா, கணக்கு ஒழுங்காக இருந்தால் போதாதா?

அச்சுக்கூடம் எழுதியது:

சிவகாசியில் அப்பா தொடங்கிய ஆஃப்செட் அச்சகத்தை இப்போது நான் நடத்தி வருகிறேன். தினசரி காலண்டரும் டைரியும்தான் எங்கள் பிழைப்பு. தொழில்முனைவோருக்கென்று நடக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், மேடையேறுபவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பணம் தவிர வேறு எதற்காக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள்? அதை ஒரு வரியில் எழுதுங்கள்." எழுத முடியாதவர்களைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

அப்பாவிடம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். தாள் ரீம் என்ன விலை, மை என்ன விலை, ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிடுமா, மார்கழி பிறப்பதற்குள் சரக்கு லாரி ஏறிவிடுமா, சனிக்கிழமைக் கூலிக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பவைதான் அவருடைய கவலைகள். அந்தக் கவலைகளை ஒழுங்காகச் சுமந்ததால்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. சட்டத்துக்கு உட்பட்டு, ஏமாற்றில்லாமல் லாபம் ஈட்டுவதே ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதியபோது உலகம் முழுவதும் அதைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது எங்கள் அப்பாவின் பேச்சாகவே தோன்றுகிறது. வாழ்க்கைக்கு நோக்கம் தேடுவது வயிறு நிறைந்த பிறகு வரும் வேலை; அதை வயிறு நிறையாத சிறுதொழில்காரர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய மதுரையிலேயே உங்கள் கட்சிக்கு மறுப்பு இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைத்தான் சொல்கிறேன்.

அவர் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று விரும்பியவர். 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவரை முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிக்கொண்டன; பிரசவம் பார்ப்பது இனி ஆகாது என்றாகிவிட்டது. அதன்பின் கண் மருத்துவத்துக்குத் திரும்பி, அந்தக் கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ வங்கிகள் கடன் தர முன்வராத நிலையில், குடும்பத்தாரின் நகைகளை அடகு வைத்து, அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் திறந்தார். தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது என்ற ஒரே நினைப்புதான் அவரை நடத்தியது. அந்த நினைப்பு இல்லாவிட்டால் அந்த நிறுவனமே இல்லை. வயிறு நிறைந்த பிறகு வந்த வேலை என்று இதை எப்படிச் சொல்வீர்கள்? அடகுக் கடைக்குப் போன குடும்பத்தின் கதை அல்லவா இது?

பேரேடு எழுதியது:

நான் தணிக்கையாளன்; சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பது என் அன்றாட வேலை. வைகைக்கரை ஐயா சொன்ன செய்திகள் அனைத்தும் உண்மை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

நகையை அடகு வைத்து, நல்ல நோக்கத்தோடு தொழில் தொடங்கி, நகையையும் தொழிலையும் சேர்த்து இழந்தவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அப்படிப்பட்டவர்களின் கோப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. அரவிந்த் நிலைத்ததற்குக் காரணம் அதன் வேலைமுறை. ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயார் நிலையில் படுத்திருப்பார். முதல் கண்ணை முடித்த மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போய்விடுவார். மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடிய வேலைகள் எல்லாம், ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுகள் பயிற்றுவித்து, அவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அங்குள்ள அறுவை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகளுக்கு மேல் செய்ய முடிவது இதனால்தான். எண்ணிக்கை கூடக்கூட ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு குறைகிறது. கட்டணம் செலுத்துபவர்களிடமிருந்து வரும் உபரி, செலுத்த இயலாதவர்களின் செலவை ஈடுகட்டுகிறது. இது முழுக்க முழுக்கக் கணக்கு.

நோக்கம் மட்டும் போதும் என்பவர்கள் 2010-ஆம் ஆண்டு ஆந்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏழைப் பெண்களின் முன்னேற்றத்துக்காகவே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் நுண்கடன் நிறுவனங்கள் அங்கே ஊர் ஊராகப் போயின. ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடி, தற்கொலைச் செய்திகள் என்று நிலைமை முற்றி, அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. அந்த நிறுவனங்களின் அறிக்கைகளைப் புரட்டினால் நோக்கத்துக்குக் குறைவே இருக்காது.

வைகைக்கரை எழுதியது:

பேரேடு அவர்களே, நீங்கள் விவரித்த வேலைமுறையை நானும் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்தக் கணக்கை அந்தத் திசையில் போடச் சொன்னது எது என்பதுதான் என் கேள்வி.

கண்புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை பரவத் தொடங்கிய காலத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. பணம் கட்டுபவருக்கு லென்ஸ், கட்ட இயலாதவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்பதுதான் பொதுவான நடைமுறை. அந்தக் கண்ணாடியைப் போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள்: நேரே பார்த்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் சரியாகத் தெரியாது, கண்ணாடி உடைந்தால் பழையபடி இருட்டு. நீங்கள் அரவிந்த் மருத்துவமனைக்குத் தணிக்கையாளராக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உபரி வருகிறது, ஏழைகளுக்கு இலவசமாக ஏதோ ஒன்று கிடைக்கிறது, இதற்குமேல் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அவர்கள் 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, லென்ஸைத் தாமே செய்து, ஏறத்தாழ 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு விலை அதற்கும் கீழே இறங்கியது. அதே ஆண்டில் பிற மருத்துவமனைகளுக்குத் தம் வேலைமுறையைக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள். போட்டியாளருக்குத் தொழில் ரகசியத்தைப் பாடமாக நடத்துவது எந்தப் பேரேட்டில் வரவாக வரும்?

அங்கே வருபவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். ஏமாற்றுகிறவர்கள் சிலர் இருக்கக்கூடும் என்பது கணக்கு தெரிந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

செம்மலர் எழுதியது:

இதுவரை பேசிய மூவரும் முதலாளியின் நாற்காலியிலிருந்தே பேசியிருக்கிறீர்கள். நோக்கம் யாருடையது, அதன் விலையைக் கட்டுபவர் யார் என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில் தாளாளர் ஆண்டுதோறும் ஆசிரியர் நாளன்று கல்விச் சேவையைப் பற்றி உருக்கமாகப் பேசுவார். சம்பளம் கேட்டுப் போகும் மாதங்களில், "இதை வேலையாக நினைப்பவர்களுக்கு இங்கே இடமில்லை, தொண்டாக நினைப்பவர்களுக்குத்தான்" என்பார். நோக்கம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. வெங்கடசாமி ஐயாவின் ஈகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அடகு வைத்தது தம் குடும்பத்து நகையை. தம் நோக்கத்துக்காக ஊழியரின் தாலிச் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பும் முதலாளிகளும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வகையையும் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டு விவாதித்தால் விவாதம் எங்கும் போகாது.

அச்சுக்கூடம் அண்ணன் சொல்லும் சனிக்கிழமைக் கூலி, தவறாமல் கொடுக்கப்பட்டால், அந்தத் தாளாளரின் உரைகளைவிட எனக்கு உயர்வானது. ஆனால் அது உயர்வானது என்று நாம் இருவரும் ஒப்புக்கொள்ளும்போதே, லாபத்துக்கு அப்பால் ஏதோ ஒன்றை மதிக்கிறோம் என்றுதானே ஆகிறது? கூலியை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உங்கள் அப்பாவுக்கு வட்டி மிச்சமாகியிருக்கும். அவர் ஏன் தள்ளிப்போடவில்லை?

அச்சுக்கூடம் எழுதியது:

செம்மலர் அவர்களின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அடுத்த வாரம் ஆள் வர மாட்டார்கள், பக்கத்து அச்சகத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் அப்பா தள்ளிப்போடவில்லை. அதற்கு மேல் அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

வைகைக்கரை ஐயாவுக்கு ஒரு மறுப்பு. அரவிந்த் ஓர் அறக்கட்டளை. லாபப் பங்கு கேட்கும் பங்குதாரர் இல்லை, உபரி முழுவதும் மருத்துவமனைக்கே திரும்புகிறது. எனக்கு வங்கித் தவணை இருக்கிறது, பாகம் கேட்கும் சித்தப்பா இருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சொன்ன கதையிலேயே அவர் நோக்கத்தைத் தேடி எங்கும் போகவில்லை. விரும்பியது கைவிட்டுப் போனது, கிடைத்த துறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார், அந்த வேலைக்குள்ளிருந்து அது வளர்ந்தது. முதலில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொழிலைத் தொடங்குங்கள் என்கிற மேடைப் பேச்சுக்கு உங்கள் உதாரணமே எதிர்ச்சாட்சி.

விவாதம் ஆகாயத்திலேயே நிற்க வேண்டாம் என்பதற்காக என் பிரச்சினை ஒன்றை வைக்கிறேன். எங்கள் டைரிப் பிரிவில் ஃபாரங்களை, அதாவது பல பக்கங்கள் அச்சான பெரிய தாள்களை, கையால் மடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். பக்க எண்ணின் மேல் பக்க எண் விழும்படி தாளை மடித்து, சின்னக் கட்டையால் விளிம்பை ஒரே இழுப்பில் தேய்த்து அடுக்குவார்கள். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. மடிப்பு இயந்திரம் ஒன்று வாங்கினால் அந்தப் பிரிவே தேவைப்படாது. தவணை கட்டி முடியும்வரை பெரிய லாபமும் இல்லை, வாங்காவிட்டால் உடனடி நட்டமும் இல்லை. நோக்கம் உள்ளவர் இதில் என்ன செய்வார் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நோக்கம் வேலைக்குள்ளிருந்து வளர்கிறது என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். மேடைப் பேச்சாளர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் உங்கள் டைரிப் பிரிவைப் பற்றி நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கணக்கு இரு பக்கமும் தலையாட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால் இதை எந்தக் கணக்கு முடிவு செய்யப் போகிறது? கணக்கே போதும் என்று தொடங்கியவர், கணக்கு வாய் திறக்காத இடத்துக்கு வந்து எங்களிடம் கேட்கிறீர்கள். லென்ஸ் விஷயத்தில் அவர்கள் நின்றதும் இப்படிப்பட்ட இடத்தில்தான். உங்களுக்கு இது இலவச வைத்தியம் போலப் பெரிய காரியமாகத் தோன்றாமல் இருக்கலாம். அந்தப் பெண்களுக்கு அது அரிசி, மருந்து, பேரப்பிள்ளை பீஸ்.

பேரேடு எழுதியது:

கணக்கு வாய் திறக்கவில்லை என்பதை நான் ஒப்பவில்லை. அச்சுக்கூடம் இன்னும் கணக்கைப் போடவில்லை என்பதே சரி. பக்கத்து அச்சகங்கள் இயந்திரத்துக்கு மாறி டைரியின் விலையைக் குறைத்தால், நான்கைந்து ஆண்டுகளில் மடிப்புப் பிரிவு மட்டுமல்ல, அச்சகமே ஆட்டம் காணலாம். அப்போது இன்றைய இரக்கத்தின் விலையை அச்சு ஓட்டுபவரும் தாள் வெட்டுபவரும் சேர்ந்து கட்டுவார்கள். இயந்திரத்தின் விலை, மாதத் தவணை, மடிப்புக் கூலியாக ஆண்டுக்குப் போகும் தொகை ஆகிய மூன்றையும் இங்கே போடுங்கள். இரண்டாண்டுகள் தள்ளிப்போட முடியுமா, அதற்குள் வயதானவர்கள் தாமாக ஓய்வு பெற வழியுண்டா என்பதைப் பார்த்துவிடலாம்.

செம்மலர் எழுதியது:

அந்தப் பெண்களிடம் யாராவது பேசினீர்களா? வேறு பிரிவில் வேலை கொடுத்தால் வருவார்களா, ஒரு தொகையாகக் கொடுத்தால் போதும் என்பார்களா, மடிப்பு வேலையால் தோள்வலி வந்து எப்போது விடலாம் என்று காத்திருக்கிறார்களா என்பது நம் நால்வருக்கும் தெரியாது. காலண்டரின் விளிம்பில் தகரப் பட்டை பொருத்தும், அந்த டின் அடிக்கும் பிரிவில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது?

அச்சுக்கூடம் எழுதியது:

டின் அடிக்கும் பிரிவில் ஆவணி முதல் மார்கழி வரை அவர்கள் எல்லோருக்குமே இடம் உண்டு. தை பிறந்துவிட்டால் அங்கே இப்போது இருப்பவர்களுக்கே வேலை போதாது. மடிப்புப் பிரிவுக்குப் பெரியவராக இருக்கும் அம்மாவிடம் வரும் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது பேசுகிறேன். இயந்திரத்தின் விலைப்பட்டியல் வந்ததும் பேரேடு கேட்ட மூன்று தொகைகளையும் இங்கே பதிகிறேன். அதுவரை என் கட்சியை நான் விட்டுவிட்டதாக வைகைக்கரை ஐயா எழுத வேண்டாம்.