கடலில் ஹைட்ரஜன் உற்பத்தி: பிரிட்டனின் 1974 சட்டம் அதுவரை எட்டுமா?

கேள்வி: பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம், அதைக் கடலுக்கும் நீட்டிக்கும் 2013ஆம் ஆண்டு ஆணையின் வழியே, கடலிலுள்ள எண்ணெய் மேடைகளுக்கும் காற்றாலைகளுக்கும் பொருந்துகிறது, அவ்வாறிருக்க, கடலிலேயே நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மேடைக்காக அந்த ஆணையில் தனித் திருத்தம் எதற்கு?

மறுமொழி 1: அந்த ஆணை பணிகளை வகை வகையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 12 கடல் மைலுக்கு அப்பால், அதாவது நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே, பெயர் சொல்லப்படாத பணிக்குச் சட்டம் பொருந்துமா என்ற வழக்கை விபத்துக்குப் பிறகு நடத்துவதில் பயனில்லை.

மறுமொழி 2: திருத்தம் மட்டும் போதாது, ஹைட்ரஜனின் தீ அபாயமே வேறு. இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால்தான் தீப்பற்றும். ஹைட்ரஜனுக்கோ அந்த வரம்பு 4 முதல் 75 வரை நீள்கிறது, பகலில் அதன் சுடரும் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது.

மறுமொழி 3: 1988இல் பைப்பர் ஆல்ஃபா என்ற வட கடல் எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்த பிறகே, மேடையை இயக்குபவர் தம் பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுத்தில் நிறுவ வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. ஹைட்ரஜன் மேடை ஆளில்லாமல் இயங்கினாலும், பராமரிப்புக்கு ஆட்கள் சென்றுதானே ஆக வேண்டும்?