ஸ்டாப்லாஸ் போட்டா 2 சதவீதத்துக்கு மேல போகாதாம்! ஏப்ரல் 7க்கு யாரு பதில் சொல்றது?

கீழமாசிக்காரன்
மதுரை பைபாஸ் ரோட்டுல ஒரு மாடியில ஸ்விங் டிரேடிங் வகுப்பு நடக்குது, அதான் பங்கை வாங்கிக் கொஞ்ச நாள் வச்சிருந்து விக்கிறது. பேரு வேண்டாம். போன ஞாயித்துக்கிழமை இலவச அறிமுகக் கூட்டம்னு தங்கச்சி மகன் கூப்பிட்டான், போனேன். உக்கார இடமில்ல. பூராம் இருபது, இருபத்தஞ்சு வயசுப் பயலுக. ஸ்டாப்லாஸ்னா, விலை இதுக்குக் கீழ போனா வித்துருன்னு முன்கூட்டியே போட்டு வைக்கிற ஆர்டர். மேடையில நின்னவரு அடிச்சுச் சொல்றாரு: "ஸ்டாப்லாஸ் போட்டுட்டா ஒரு டிரேட்ல 2 சதவீதத்துக்கு மேல நஷ்டம் வரவே வராது, கேரண்டி." பயலுக அதை நோட்டுல எழுதி அடிக்கோடு வேற போடுறாய்ங்க. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

2025 ஏப்ரல் 7, திங்கக்கிழமை. வெள்ளிக்கிழமை நிஃப்டி, அதான் நம்ம பங்குச் சந்தைக் குறியீடு, முடிஞ்சது 22,904. திங்கக்கிழமை காலையில திறந்ததே 21,758ல. நடுவுல ஒரு விலையும் கிடையாது. 2 சதவீதம் கீழ, அதாவது 22,450 பக்கம் ஸ்டாப்லாஸ் வச்சிருந்தவனுக்கு எந்த விலையில வித்திருக்கும்? கேரண்டி குடுத்தவரு சொல்லட்டும். அவரோட சிஷ்யப்பிள்ளைக இங்க நெறைய பேர் இருக்கீங்க, நீங்களும் சொல்லலாம்.

சார்ட்டுப்புலி
அண்ணே, நான் அந்த வகுப்புல படிச்சவன்தான். நீங்க பாதியில எந்திரிச்சு வந்திருப்பீங்க. ஏப்ரல் 7 சொல்லாம கொள்ளாம வந்ததா? ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் வரி அறிவிச்சாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்கச் சந்தைக் குறியீடு எஸ் அண்ட் பி 500 கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சு. நம்ம நிஃப்டி அதுக்கு முன்னாடியே 200 நாள் சராசரிக்கு, அதாவது கடைசி 200 நாள் விலையோட சராசரிக்கு, கீழதான் கிடந்துச்சு. டெக்னிக்கல் அனாலிசிஸ், அதான் சார்ட்டை வச்சு விலைப் போக்கைப் பார்க்கிறது, தெரிஞ்சவன் எவனும் அந்த நேரத்துல கையில பங்கு வச்சிருக்க மாட்டான். சார்ட் பார்க்கத் தெரியாதவன் அடி வாங்கிட்டு சார்ட் மேல பழியப் போடக் கூடாது.

கீழமாசிக்காரன்
நான் கேட்டது அது இல்ல. எந்த விலையில வித்திருக்கும்னு கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்கா விழுந்துச்சுங்கிறீங்க. நம்ம சந்தையை 3:30க்கே மூடியாச்சு. சனி, ஞாயிறு லீவு. புலி எந்தக் கடையில போய் வித்திருப்பீங்க?

சார்ட்டுப்புலி
வியாழக்கிழமை ராத்திரியே எஸ் அண்ட் பி 4.8 சதவீதம் விழுந்துருச்சு அண்ணே. வெள்ளிக்கிழமை பகல் பூராம் நம்ம சந்தை திறந்துதான் இருந்துச்சு. விக்கத் தெரிஞ்சவன் வித்துட்டு வீட்டுக்குப் போயிட்டான். அதை விட்டுட்டீங்களே, ஞாபகம் இல்லையா, வசதியா மறந்துட்டீங்களா?

திருமங்கலம் தம்பி
அண்ணே, ஒரு சின்னச் சந்தேகம். ஸ்விங்னா எத்தனை நாள் வச்சிருக்கிறது? ஒருத்தர் மூணு நாள்ங்கிறார், ஒருத்தர் மூணு மாசம்ங்கிறார். அதைச் சொல்லிட்டு சண்டை போட்டா எங்களுக்கும் புரியும்.

தெப்பக்குளம்62
இந்த டிரேடிங் எல்லாம் வேலைக்கு ஆகாது. 93 சதவீதம் பேர் நஷ்டம்னு சந்தையைக் கட்டுப்படுத்துற செபியே சொல்லியாச்சு. மியூச்சுவல் ஃபண்ட்ல மாசாமாசம் ஒரு தொகை எஸ்ஐபி போட்டுட்டு வேலையப் பாருங்கப்பா.

சார்ட்டுப்புலி
ஐயா, அது எஃப் அண்ட் ஓ, அதான் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் கணக்கு. ஸ்விங் கணக்கு இல்ல. எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க.

அண்ணாநகர் அக்கா
புலி சொல்றது இதுல சரி. செபி 2024 செப்டம்பர்ல சொன்ன 93 சதவீதம், 2022ல இருந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பண்ண ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களைப் பத்தினது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. அதுக்கு முன்னாடி ஜூலையில இன்னொன்னு வந்துச்சு, அது அன்னன்னைக்கே வாங்கி விக்கிற இன்ட்ராடே. 2022-23ல பத்துல ஏழு பேருக்கு நஷ்டம். ரெண்டுமே பங்கை டெலிவரி எடுத்து சில நாள் வச்சிருந்து விக்கிறவங்களைப் பத்தினது இல்ல.

ஆனா புலி, நீங்களும் ஒண்ணு சொல்லணும். அந்த 2 சதவீதம் எதுல 2 சதவீதம்? வாங்கின விலையிலயா, மொத்த மூலதனத்துலயா? அது தெரியாம ரெண்டு பேரும் விடிய விடியப் பேசலாம்.

கீழமாசிக்காரன்
எதுல வேணா இருக்கட்டும் அக்கா. வரவே வராதுன்னு சொன்னாரா இல்லையா? கேரண்டின்னு சொன்னாரா இல்லையா? ஏப்ரல் 7க்குப் பதில் வரட்டும், மத்ததை அப்புறம் பேசுவோம்.

இந்தப் பயலுகளுக்கு ஒருத்தரும் சொல்லாத விஷயத்தை நான் சொல்றேன். ஸ்விங்குல இருக்கவன் போடுறது ஜிடிடி, டிரிக்கர் விலை வர்ற வரைக்கும் பல நாள் காத்திருந்து அப்புறம் ஆர்டரை அனுப்புறது. சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்னைக்குச் சாயங்காலத்தோட காலாவதி ஆயிரும், அதனால. சரி, பங்கை 500க்கு வாங்கியாச்சு. ஜிடிடியில டிரிக்கர் 480, லிமிட் 478. திங்கக்கிழமை காலையில 455ல திறக்குது. 480க்குக் கீழ போயிருச்சுல்ல, டிரிக்கர் அடிக்குது. ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருது. போனை எடுத்துப் பார்த்தா "டிரிக்கர்டு"ன்னு காட்டும். பய வித்துருச்சுன்னு நெனச்சு டீ குடிக்கப் போயிருவான். அங்க என்ன நடந்திருக்கும்? 478க்குக் கீழ விக்காதேன்னு இவன்தான எழுதிக் குடுத்திருக்கான். 455ல கிடைக்கிற பங்கை 478 குடுத்து எவன் வாங்குவான்? ஆர்டர் புக்கைத் திறந்தா "ஓப்பன்"னு போட்டு அப்படியே நிக்கும். விலை இன்னும் கீழ போகும், ஆர்டர் மேல தொங்கும். லிமிட்டை ரொம்பக் கீழ வச்சிருந்தா வித்துரும், ஆனா 455ல வித்துரும். 500ல இருந்து 455, 9 சதவீதம்.

ஸ்டாப்லாஸ்ங்கிறது விக்கச் சொல்லி மணி அடிக்கிற விலை. அந்த விலைக்கே வித்துக் குடுப்பேன்னு சந்தை யாருக்கும் எழுதிக் குடுக்கல. இதைச் சொல்லிக் குடுக்காம காசு வாங்குறது பாவம்.

மல்லிக்கடை
கீழமாசி அண்ணே சொல்றதுதான் நியாயம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல நாங்க தினம் பார்க்கிறதுதான். முகூர்த்தத்துக்கு முதநாள் ராத்திரி வரத்து கொறைஞ்சு போச்சுன்னா, காலையில முத மூட்டையே வேற விலையிலதான் பிரியும். நேத்து விலைக்குக் குடுன்னு கேட்டா சிரிப்பாய்ங்க.

சார்ட்டுப்புலி
பூ வியாபாரமும் பங்குச் சந்தையும் ஒண்ணா? சரி விடுங்க.

அக்கா கேட்டதுக்குப் பதில். சார் சொன்னது மூலதனத்துல 2 சதவீதம். அதுக்குத்தான் பொசிஷன் சைசிங், அதாவது எத்தனை பங்கு வாங்கணும்கிற கணக்கு, ஒரு வாரம் நடத்துறாரு. கையில 2 லட்சம் இருக்குன்னு வைங்க. ஒரு டிரேட்ல 1 சதவீதம், 2,000 ரூபாதான் பணயம். 500க்கு வாங்கி 480ல ஸ்டாப்னா ஒரு பங்குக்கு 20 ரூபா. அப்ப 100 பங்குதான் வாங்கணும். அண்ணன் சொன்ன மாதிரி 455லயே வித்தாலும் நஷ்டம் 4,500. ரெண்டு லட்சத்துல 4,500 போனா குடி முழுகிப் போச்சா? 9 சதவீதம் 9 சதவீதம்னு பிள்ளைகளைப் பயமுறுத்துறீங்க.

கீழமாசிக்காரன்
2 லட்சத்துல 4,500. 2.25 சதவீதம். புலி, 2.25 பெருசா, 2 பெருசா?

சார்ட்டுப்புலி
கால் சதவீதத்துக்கு இம்புட்டுப் பேச்சா!

கீழமாசிக்காரன்
கேரண்டி குடுத்தது நான் இல்ல. "வரவே வராது"ன்னு சொன்ன வாயில இருந்து இப்ப 2.25 வந்திருக்கு. அதுவும் ஒரே ஒரு கம்பெனிப் பங்கு வச்சிருந்தாத்தான். உங்க வகுப்புல ஒரே நேரத்துல நாலஞ்சு பங்கு வச்சிருக்கச் சொல்றாங்களா இல்லையா? ஏப்ரல் 7 மாதிரி ஒரு நாள்ல எல்லாம் சேர்ந்துதான் விழும். 50,000 வீதம் நாலு பொசிஷன் இருந்தா 18,000. மொத்த மூலதனத்துல 9 சதவீதம் போச்சு. 1 சதவீதம் பணயம்னு நெனச்சுப் படுத்தவன் எந்திரிக்கிறப்ப என்ன ஆகியிருக்கான் பாருங்க. இந்தக் கணக்கை மேடையில போட்டாரா?

சார்ட்டுப்புலி
அதே ஏப்ரல்ல அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க? 17ஆம் தேதி நிஃப்டி 23,851. உங்க "ஓப்பன்"ல தொங்குன ஆர்டர்காரன் ஒண்ணும் செய்யாம இருந்திருந்தாலே பத்து நாள்ல தப்பிச்சிருப்பான்.

கீழமாசிக்காரன்
நல்லாக் கேட்டுக்கங்கப்பா எல்லாரும். ஸ்டாப்லாஸ் வேலை செய்யாததுனால பொழைச்சான்னு ஸ்டாப்லாஸ் வாத்தியாரோட சிஷ்யரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?

சார்ட்டுப்புலி
வார்த்தையைத் திரிக்காதீங்க அண்ணே. நான் சொன்னது அது இல்ல.

தெப்பக்குளம்62
எஸ்ஐபி போட்டிருந்தா இந்த ஏப்ரல் 7 வந்ததே தெரிஞ்சிருக்காது.

அண்ணாநகர் அக்கா
ஐயா, ஒரு நிமிஷம். இன்னொரு விஷயம். 2025 ஜனவரி 29ல செபி ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு. பதிவு இல்லாம வெறும் கல்வின்னு சொல்லி வகுப்பு நடத்துறவங்க, கடைசி மூணு மாச விலையை வச்சு எந்தப் பங்கோட பேரையும் சொல்லவோ காட்டவோ கூடாதுன்னு அதுல சொல்லியிருந்துச்சு. கீழமாசி அண்ணே, அன்னைக்கு மேடையில எந்தச் சார்ட் காட்டினாங்க?

கீழமாசிக்காரன்
போன வாரத்துச் சார்ட்டு. பங்குப் பேரு மேல பெருசா இருந்துச்சு. "இது இன்னும் ஓடும்"னு சொன்னாரு. பின்வரிசையில ரெண்டு பய அங்கனயே வாங்கிட்டாய்ங்க, என் கண்ணால பார்த்தேன்.

சார்ட்டுப்புலி
அது உதாரணம். வாங்கச் சொல்லல. பழைய சார்ட்டை மட்டும் காட்டினா "முடிஞ்சு போனதை வச்சு யாரும் சொல்லலாம்"னு இதே ஆளுக கேலி பண்ணுவாங்க. புதுசு காட்டினா சட்டம் பேசுவாங்க. வாத்தியாரு என்னதான் செய்வாரு?

டெக்னிக்கல் அனாலிசிஸ் நேத்து மதுரையில முளைச்சது இல்ல. கேண்டில் சார்ட் ஜப்பான் அரிசி வியாபாரத்துல இருந்து வந்தது. விலை ஏறி இறங்குற வேகத்தை 0ல இருந்து 100க்குள்ள காட்டுற ஆர்எஸ்ஐயை வெல்ஸ் வைல்டர் 1978லயே குடுத்துட்டாரு. உலகம் பூராம் பெரிய பெரிய நிறுவனத்துல எல்லாம் பார்க்கிறாங்க. கீழமாசி வீதியில பருப்பு மூட்டைக்கு விலை சொல்ற அனுபவத்தை வச்சு அதைத் தள்ளிட முடியாது.

கீழமாசிக்காரன்
பருப்பு மூட்டை வரைக்கும் வந்துட்டீங்களா, வாங்க. எங்க அப்பா காலத்துல இருந்து அந்த வீதியிலதான் இருக்கோம். சரக்கு வந்து இறங்குறதுக்கு முன்னாடி விலை பேசி கேரண்டி குடுத்தவன் எவனும் அங்க நெலச்சதில்ல. நான் சார்ட்டையே தப்புங்கல. நானும் 50 நாள் சராசரி, 200 நாள் சராசரி போட்டுத்தான் பார்க்கிறேன். ஆர்எஸ்ஐ 70க்கு மேல போனா உடனே விக்கணும், 30க்குக் கீழ வந்தா வாங்கணும்னு உங்க நோட்டுல எழுதியிருக்கு பாருங்க, அதை நம்பினவன் நல்லா ஓடுற பங்கைப் பாதியில வித்துட்டு, விழுந்துக்கிட்டே இருக்கிறதை வாங்கி வச்சிருப்பான். வலுவா ஏறுற பங்குல ஆர்எஸ்ஐ வாரக்கணக்குல 70க்கு மேலயே நிக்கும். அது வேற சண்டை, இன்னொரு நாள் வச்சுக்குவோம். ஏப்ரல் 7க்கு இன்னும் பதில் வரல.

சார்ட்டுப்புலி
பதில் சொல்லியாச்சு. 200 நாள் சராசரிக்குக் கீழ வாங்காதே. அம்புட்டுத்தான்.

கீழமாசிக்காரன்
அது வாங்கறதுக்குப் பதில். நான் கேட்டது விக்கிறதுக்கு.

அண்ணாநகர் அக்கா
நீங்க ரெண்டு பேரும் செலவு பக்கமே போகல. டெலிவரியில வாங்குறப்ப 0.1, விக்கிறப்ப 0.1 சதவீதம் எஸ்டிடி, அதான் பங்குப் பரிவர்த்தனை வரி. 50,000 ரூபா பொசிஷனுக்குப் போக வர 100 ரூபா. விக்கிறப்ப டீமேட் கணக்குல இருந்து பங்கை எடுக்கிறதுக்கு டிபி கட்டணம் தனி. லாபம் வந்தா 2024 ஜூலை 23ல இருந்து குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீத வரி, முன்னாடி 15தான். நஷ்டம்னா அதையும் ரிட்டர்ன்ல காட்டணும். நேரத்துக்குத் தாக்கல் பண்ணா 8 வருஷம் கொண்டுபோய் கழிக்கலாம். வகுப்புல இதைச் சொன்னாங்களா புலி?

சார்ட்டுப்புலி
அக்கா, வரியைப் பத்திக் கவலைப்படுறவங்க டிரேடிங் பக்கம் வரக் கூடாது. பேங்க்ல வேலை பார்த்தவங்க எல்லாரும் இப்படித்தான், பைசாவை எண்ணிக்கிட்டு இருப்பாங்க.

அண்ணாநகர் அக்கா
பைசாவை எண்ணித்தான் தம்பி ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சேன். புரோக்கர் அனுப்புற கான்ட்ராக்ட் நோட்டை முழுசா வாசிக்காத ஆள் என்கிட்ட சார்ட் பேச வேண்டாம்.

மல்லிக்கடை
அக்கா சொன்னது சூடு.

திருமங்கலம் தம்பி
ஸ்விங்னா எத்தனை நாள்னு இன்னும் யாரும் சொல்லலையே?

சார்ட்டுப்புலி
தம்பி, வகுப்புக்கு வா, எல்லாம் சொல்லித் தருவாங்க.

கீழமாசி அண்ணனுக்கு ஒண்ணு. இவ்வளவு தெரிஞ்சவரு 2024 தீபாவளி சமயத்துல இங்கதான வெள்ளி வாங்காதீங்கன்னு எழுதினீங்க? அப்ப கிலோ ஒரு லட்சத்துப் பக்கம். 2025 டிசம்பர்ல ரெண்டு லட்சத்தைத் தாண்டிருச்சு. உங்க பேச்சைக் கேட்டு எங்க சித்தப்பா தெற்குமாசி வீதி வரைக்கும் போயிட்டு வாங்காமத் திரும்பி வந்தாரு. அதுக்கு யாரு கேரண்டி?

கீழமாசிக்காரன்
வெள்ளி வாங்காதீங்கன்னு எழுதல. கடன் வாங்கி வெள்ளி வாங்காதீங்கன்னு எழுதினேன். அந்த "கடன் வாங்கி"யை விட்டுட்டு வாசிக்கிற பழக்கத்துக்கு நான் பொறுப்பில்ல.

சார்ட்டுப்புலி
அப்ப எங்க சித்தப்பா பொய் சொல்றாருங்கிறீங்களா?

கீழமாசிக்காரன்
உங்க சித்தப்பாவை நான் எதுக்குய்யா இழுக்கிறேன்? இழுத்தது நீங்க.

தெப்பக்குளம்62
வெள்ளி எஸ்ஐபியும் இருக்கு.

சார்ட்டுப்புலி
பெரியவர் பேச்சை விட்டுட்டுப் பதில் சொல்லுங்க அண்ணே. கடன் வாங்கின்னு எங்க எழுதியிருக்கீங்க? அந்தப் பழைய பதிவை இங்க எடுத்துப் போடுங்க.

கீழமாசிக்காரன்
போடுறேன். போட்டதும் உங்க வாத்தியாரை இங்க கூட்டிட்டு வாங்க, அந்த 500, 480, 455 கணக்கை அவர் கையால போட்டுக் காட்டட்டும்.

சார்ட்டுப்புலி
அவருக்கு வேற வேலை இருக்கு. நீங்க முதல்ல பதிவைப் போடுங்க.