பவுலைப் பிரிந்த பின் பர்னபா எங்கே போனார்?

கேள்வி: ஞாயிறு பாடசாலை ஆசிரியை, வெள்ளவத்தை

யூன் 11 பர்னபாவின் திருநாள் என்பதால், மூத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து அவரைப் பற்றிய பாடத்தை ஆயத்தம் செய்கிறேன். சைப்பிரசில் பிறந்த இந்த லேவியர் (ஆலயப் பணிக்குரிய யூதக் குலத்தவர்) தமது நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரிடம் கொடுத்தார். எருசலேமில் எல்லோரும் சவுலை, அதாவது பின்னாளில் பவுல் எனப்பட்டவரை, கண்டு பயந்தபோது அவருக்காகப் பரிந்து பேசினார். பிறகு தர்சுவுக்கே சென்று அவரைத் தேடி அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார். ஆனால் 15ஆம் அதிகாரத்தில், முன்பு பாதியில் திரும்பிப்போன மாற்குவை மீண்டும் பயணத்தில் சேர்ப்பதா என்ற வாக்குவாதத்தின் பின் சைப்பிரசுக்குக் கப்பலேறியவரைப் பற்றி அந்த நூலில் ஒரு வரியும் இல்லை. ‘பிழை அவர் பக்கம் என்பதால்தான் நூலை எழுதிய லூக்கா அவரை விட்டுவிட்டாரா?’ என்று ஒரு மாணவன் கேட்டான். மிலாகிரியாவில் பவுலுக்கும் ஜிந்துப்பிட்டியில் தோமாவுக்கும் ஆலயம் இருக்க, பர்னபாவின் பெயரில் ஓர் ஆலயத்தை என் வகுப்பில் எவராலும் சொல்ல முடியவில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1: கொட்டாஞ்சேனை வாசகர்

லூக்காவின் மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, சகோதரி. எருசலேமில் தொடங்கிய செய்தி ரோமாபுரியை அடைவதே அந்த நூலின் பாதை. அந்தப் பாதையில் நடப்பவர் பவுல் என்பதால், பேதுருவே 15ஆம் அதிகாரத்துக்குப் பின் காணாமற்போகிறார். தோமாவின் பெயரோ முதல் அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது.

பெயர்களின் வரிசையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சைப்பிரசில் செர்கியு பவுல் என்ற ஆளுநரைச் சந்திக்கும் வரை ‘பர்னபாவும் சவுலும்’ என்றே வருகிறது. பாப்போவிலிருந்து கப்பலேறும்போது பவுல் முன்னே வந்துவிடுகிறார். எனினும் லீஸ்திராவின் மக்கள் பர்னபாவைத்தான் தலைமைத் தெய்வமான சேயுசு என்றும், பேச்சில் முந்திய பவுலை எர்மே என்றும் அழைத்தார்கள். பிறவினத்தாரைச் சபையில் ஏற்பது பற்றி அப்போஸ்தலர் கூடிய எருசலேம் சங்கத்தில் மீண்டும் பர்னபாவின் பெயரே முதலில் நிற்கிறது. முதல் தலைமுறைத் திருச்சபை அவரை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிரிவுக்குச் சில ஆண்டுகளின் பின் எபேசுவிலிருந்து கொரிந்தியருக்கு எழுதும் பவுல், தாமும் பர்னபாவும் கைத்தொழில் செய்து பிழைப்பதைப் பற்றி ஒரே மூச்சில் பேசுகிறார் (1 கொரிந்தியர் 9:6). பர்னபா பணியை விட்டிருந்தாலோ, பகை நீடித்திருந்தாலோ அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்.

பதில் 2: பம்பலப்பிட்டி

முதல் பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் சண்டையை மாற்கு என்ற இளைஞனோடு மட்டும் நிறுத்திவிடுவது போதாது. அந்தியோகியாவில் பிறவினத்தாரோடு (யூதரல்லாதாரோடு) உண்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுவிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டபோது, பர்னபாவும் அந்த வேடத்துக்கு இழுபட்டுப்போனார் என்று கலாத்தியர் 2:13 சொல்கிறது. தோளோடு தோள் நின்று பிறவினத்தாரிடையே உழைத்தவரே இப்படிச் செய்தது பவுலை எவ்வளவு தைத்திருக்கும்! லூக்கா தம் வழக்கப்படி இதை மெல்லக் கடந்துவிட்டார் என்பது என் கருத்து. அந்தப் பந்தி விஷயத்தில் பவுலே சரி. மாற்கு விஷயத்தில் பர்னபா சரி. மாணவனிடம் இதை மழுப்பாமல் சொல்லலாம்.

பதில் 3: தெஹிவளை

பந்திச் சம்பவம் எருசலேம் சங்கத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே அதையே பிரிவின் காரணமாக வகுப்பில் அடித்துச் சொல்ல வேண்டாம். மாற்குவைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசலாம். கொலோசெயர் நிருபம் அவரைப் பர்னபாவின் உறவினர் என்கிறது. 2 தீமோத்தேயுவில் அவர் ஊழியத்துக்குப் பயனுள்ளவர் என்று அழைக்கப்படுகிறார். இவ்விரண்டும் பவுல் எழுதியவையா என்று ஐயப்படுவோரும், பவுலுடையதென ஏற்கும் பிலேமோன் நிருபத்தில் மாற்குவின் பெயர் உடன் வேலையாட்களிடையே இருக்கிறது. பம்பிலியாவிலிருந்து திரும்பிப்போனவரைப் பவுல் மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அது போதும்.

சைப்பிரசுக்குப் போனவர் அங்கேயே சாலமி பட்டணத்தில் உயிர்நீத்தார் என்பது பிற்கால மரபு. ஏறத்தாழ கி.பி. 488இல், சைப்பிரசுத் திருச்சபையைத் தன் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர அந்தியோகியா முயன்ற நேரத்தில், பேராயர் அந்தேமியோஸ் அவருடைய கல்லறையைக் கண்டெடுத்ததாக அறிவித்தார்; மார்பின் மீது மத்தேயு நற்செய்தியின் பிரதி ஒன்று இருந்ததாம். பேரரசர் செனோன் அத்திருச்சபையின் தன்னுரிமையை உறுதிசெய்தார். கண்டெடுத்த காலம் சற்றே வசதியானதுதான்! ஆனாலும் அத்தீவின் திருச்சபை இன்றுவரை பர்னபாவையே தன் நிறுவுநராகப் போற்றுகிறது.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பர்னபாவின் பெயரில் ஒரு நிருபம் உண்டாமே, அதையும் சேர்க்கலாமா?

பதில் 3, மீண்டும்:

நான்காம் நூற்றாண்டின் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியான சீனாய்ப் பிரதியில் அது இருக்கிறது. ஆனால் கி.பி. 70இல் நடந்த எருசலேம் ஆலய அழிவை நடந்து முடிந்ததாகப் பேசுவதால், அறிஞர்கள் பெரும்பாலும் அதை அவருடையதாக ஏற்பதில்லை. எபிரெயர் நிருபம் பர்னபா எழுதியது என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கூறியிருப்பது இதைவிடச் சுவையானது; ஆசாரியத்துவத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நிருபத்துக்கு ஒரு லேவியர் பொருத்தமான ஆசிரியர்தான். அதை வகுப்பில் சொல்லுங்கள், பரீட்சையில் கேட்காதீர்கள்.