தினம் ஒரு வார்த்தைக் கணக்கு: தொடரலாமா, நிறுத்தலாமா?

ஏழாம் வகுப்பு அம்மா:
மகள் ஏழாவது படிக்கிறாள். வகுப்பில் தினமும் ஒரு வார்த்தைக் கணக்கு எழுதிப் போடுகிறார்கள், மறுநாள் காலை விடையோடு போக வேண்டும். மூன்று மாதமாக இது நடக்கிறது. ஆரம்பத்தில் அரை மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். இப்போது இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நன்றாகத் தேறிவிட்டாள் என்று நினைத்தேன், நேற்று நோட்டைத் திறந்து பார்க்கும் வரை.

கணக்கு இதுதான்: "மீனாவிடம் 24 பென்சில்கள் உள்ளன. அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?" இவள் எழுதிய விடை 30. ஏன் கூட்டினாய் என்று கேட்டேன். "அதிகம்னு போட்டிருந்தா கூட்டணும்மா" என்கிறாள், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல.

இந்தத் தினக் கணக்கால் பிரயோஜனம் உண்டா? ஆசிரியரிடம் பேசி நிறுத்தச் சொல்லலாமா?

சாக்பீஸ்:
நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. நான் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுப்பவன். உங்கள் மகள் செய்த தவறு தினமும் கணக்குப் போடுவதால் வந்தது இல்லை. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, ஒவ்வொருவருக்கும் என்றால் வகு' என்று யாரோ ஒரு குறுக்குவழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் வேலை இது.

தமிழில் இந்தக் குறுக்குவழி இன்னும் மோசம். அந்தக் கணக்கின் உயிரே 'இருப்பதைவிட' என்பதில் ஒட்டியிருக்கும் 'விட'தான். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு 'அதிகம்' மேல் பாய்கிறார்கள். முன்னால் நிற்கும் 'அது' யாருடைய பென்சிலைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்.

தினமும் ஏன் என்றால், படித்தது மறக்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்துக் காட்டிய விஷயம் அது: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நழுவிவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் நிலைக்கிறது. வாரம் ஒரு நாள் மொத்தமாகப் பத்துக் கணக்குப் போடுவதைவிட, நாளுக்கு ஒன்று மேல்.

கோணமானி:
சாக்பீஸ் சார், குறுக்குவழியைத் திட்டுகிறீர்கள், சரி. ஆனால் அந்தக் குறுக்குவழி எங்கே வளர்கிறது? தினமும் ஒரு கணக்கு, தினமும் ஒரு விடை, சரி அல்லது தவறு, அடுத்தது. இந்த ஓட்டத்தில்தான் வளர்கிறது. விடையை ஒப்பிப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டால் பிள்ளை எதற்கு வாசிக்க வேண்டும்?

பிரான்ஸில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் சுமார் 1980-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடையைச் சொல்லிவிட்டார்கள். ஆட்டுக்கும் தலைவரின் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். 'கணக்கு என்று ஒன்று வந்தால் விடை இருந்தே தீரும்' என்று பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றவர்கள் அவர்கள்.

சின்னப் பிள்ளைகள்தானே என்பீர்கள். அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு வந்த கணக்கு இது: ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? பத்தில் ஏழு பேர் சரியாக வகுத்துவிட்டார்கள். அதற்கு மேல்தான் வேடிக்கை. 29 சதவீதம் பேர் '31 மீதி 12' என்று எழுதினார்கள். 18 சதவீதம் பேர் வெறும் 31. 32 என்று எழுதியவர்கள் கால்வாசிக்கும் குறைவு. வகுத்தலில் இவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மனக்கணக்கு:
வாய்ப்பாடு ஒழுங்காகத் தெரிந்தால் இந்தப் பிரச்சினை எதுவுமே வராது. முதலில் அதைப் பாருங்கள்.

கோணமானி:
மேலே எழுதியதைப் படித்தீர்களா? வகுத்தவர்கள் சரியாகத்தான் வகுத்தார்கள்.

சாக்பீஸ்:
பேருந்துக் கணக்கை நானும் வகுப்பில் கொடுப்பேன், நல்ல கணக்கு. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. பாடப்புத்தகத்தில் வகுத்தல் பாடத்தின் முடிவில் வரும் இருபது கணக்கும் வகுத்தலாகவே இருக்கும். பிள்ளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கும் தேவையே வருவதில்லை, பாடத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தினக் கணக்கு அப்படி இல்லை. திங்களன்று விகிதம் வரும், செவ்வாயன்று பரப்பளவு வரும், புதனன்று பின்னம் வரும். இன்றைக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்வதே ஒரு பயிற்சி.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஏழாம் வகுப்புகள் 54. பாதி வகுப்புகளுக்குப் பலவகைக் கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள், மீதிக்கு ஒரே வகையை அடுக்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் ஒரு தேர்வு. கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், அடுக்கிப் போட்டவர்கள் 38.

கோணமானி:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன் சார். அது கலப்பதைப் பற்றியது. 'தினமும்' என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. அதிலிருந்த கணக்குகள் எல்லாம் வார்த்தைக் கணக்குகளும் இல்லை. வாரத்துக்கு ஒன்று கொடுத்தாலும் கலந்து கொடுக்கலாமே.

நான் வாரத்துக்கு ஒன்றுதான் எடுப்பேன், ஒரு பீரியட் முழுக்க. போன வாரம் எடுத்தது: போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 60, சராசரி வேகம் என்ன? வகுப்பே சேர்ந்து 50 என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "தூரமே கொடுக்கலையே சார்" என்றான். சரி, நீயே ஒன்று வைத்துக்கொள் என்றேன். 120 கிலோமீட்டர் என்று வைத்தான். போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கிலோமீட்டருக்கு 5 மணி, ஆக 48. உடனே இன்னொருத்தி, "அவன் தூரத்தை மாற்றினா விடை மாறும்" என்று சண்டைக்கு வந்தாள். 60 வைத்துப் பார்த்தாள். ஒன்றரை மணி, ஒரு மணி, 120-ஐ இரண்டரையால் வகுத்தால் மறுபடியும் 48. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் கரும்பலகை முன்னால் நின்று ஏன் மாறவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை விடையோடு வா என்று அனுப்பும் கணக்கில் இது எங்கே நடக்கும்?

பழைய பின்வரிசை:
மறுநாள் காலை என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். முதல் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரே ஒரு நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றி வரும். அதில் தவறு இருந்தால் நாற்பது பேருக்கும் அதே தவறு. ஒருமுறை எங்கள் வகுப்பில் எல்லோருமே செவ்வகத்தின் சுற்றளவைச் சதுர சென்டிமீட்டரில் எழுதியிருந்தோம். 😀

சாக்பீஸ்:
பின்வரிசை சொல்வது உண்மைதான், மறுக்க மாட்டேன். அதனால்தான் நான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே முடித்துவிடுவேன். விடையை எண்ணாக எழுதினால் வாங்க மாட்டேன், முழு வாக்கியமாக எழுத வேண்டும். "31 மீதி 12 பேருந்துகள் வேண்டும்" என்று எழுதும்போது பாதிப் பிள்ளைகளுக்குத் தாங்களாகவே சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் கோணமானி, வாரத்துக்கு ஒன்று என்றால், அன்றைக்கு வராத பிள்ளை என்ன செய்யும்? அன்றைக்குப் பேசாத பிள்ளை? உங்கள் வகுப்பில் மூன்று பேர் பேசினார்கள். மற்றவர்கள்?

கோணமானி:
மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதில் முழுசாக என்னிடம் இல்லை. ஐந்து நிமிடத்தில் மட்டும் எல்லோரும் யோசித்துவிடுகிறார்களா என்ன?

அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவள் 30 என்று எழுதினால் தவறு என்று சொல்லாதீர்கள். இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள், ஒன்று மீனாவுக்கு, ஒன்று ரவிக்கு. யாருடையது நீளம் என்று மட்டும் கேளுங்கள். சிங்கப்பூரில் 1980-களிலிருந்து தொடக்கப்பள்ளியில் இப்படித்தான் வரைந்து போடுகிறார்கள்.

சாக்பீஸ்:
இதில் எனக்கும் சம்மதம். எண்களை மறைத்துவிட்டு வரையச் சொன்னால் இன்னும் நல்லது. எண் கண்ணில் பட்டால் கை பரபரக்கும்.

ஏழாம் வகுப்பு அம்மா:
நேற்றிரவு செய்து பார்த்தேன். எண்களை விரலால் மறைத்துக்கொண்டேன். முதலில் ரவிக்குத்தான் நீளமாக வரைந்தாள். "அது யாரோடது?" என்று கேட்டேன். வாக்கியத்தை மறுபடி படித்தாள், ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் ரப்பரை எடுத்து ரவியின் பட்டையில் பாதியை அழித்தாள். 18 என்று அவளே எழுதினாள்.

சரி என்று பேருந்துக் கணக்கையும் கொடுத்தேன். 31 மீதி 12 என்றாள். அந்தப் பன்னிரண்டு பேர் எப்படிப் போவார்கள் என்று கேட்டதற்கு, "12 பஸ்ஸுல ஒவ்வொருத்தர் நின்னுகிட்டே போகட்டும், அதுக்காக இன்னொரு பஸ்ஸா?" என்கிறாள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

சாக்பீஸ்:
36 பேர்தான் போகலாம் என்று கணக்கில் இருக்கிறது. விடை 32. மதிப்பெண் கிடையாது.

கோணமானி:
நான் முழு மதிப்பெண் போடுவேன். 12 பேருக்கு 12 பேருந்து என்று பிரித்திருக்கிறாள் பாருங்கள்.