ஜெபம் முடிந்த அரைமணியில் குரல் உயர்கிறது: சாந்தத்தை எங்கே தவறவிடுகிறோம்?

கடுகுவிதை (கேள்வி):
அனைவருக்கும் ஸ்தோத்திரம். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், அது நம்மால் உண்டானதல்ல என்று எபேசியர் 2:8 சொல்வதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சிக்கல் அன்றாடத்தில்தான். காலையில் வேதம் வாசித்து, ஜெபித்து எழுந்த அரைமணிக்குள் வீட்டில் யாரிடமாவது வெடுக்கென்று பேசிவிடுவது. நாள் முழுக்கக் குற்ற உணர்வு. இரவில் "இனி இப்படிப் பேசமாட்டேன்" என்று தீர்மானம். மறுநாளும் அதேதான். சாந்தம் ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவியானவர் நமக்குள் விளைவிக்கும் குணம் என்றால், நாம் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா, தானாகப் பழுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? எந்த இடத்தில் பிசகுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திராட்சைக்கொடி:
சகோதரி, பிசகு அந்த இரவுத் தீர்மானத்தில் இருக்கிறது. குற்ற உணர்விலிருந்து நேராகத் தீர்மானத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது: பேசிய அந்த வார்த்தைக்கான மன்னிப்பைக் கையேந்தி வாங்கிக்கொள்வது.

மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் உவமையில் வரும் கடன்பட்ட ஊழியக்காரன் ராஜாவிடம் என்ன கேட்டான் என்று பாருங்கள். மன்னிப்பைக் கேட்கவில்லை. "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று தவணைதான் கேட்டான் (18:26). அவன் கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி (மத். 20:2). ஆக, 6 கோடி நாள் கூலியை அடைத்துவிடுவதாகச் சொல்கிறான்! ராஜாவோ தவணை கொடுக்காமல் கடனையே தள்ளுபடி செய்கிறார். அவன் அதைக் காதால் கேட்டானே தவிர, மனசால் வாங்கவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். வெளியே வந்ததும் 100 வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். இன்னும் கடனாளி மாதிரியே நடக்கிறவன் வசூலிக்கத்தான் செய்வான். "இனி பேசமாட்டேன்" என்ற நம் இரவுத் தீர்மானமும் "கொடுத்துத் தீர்க்கிறேன்" என்ற அதே குரல்தான்.

(ஒன்று கவனியுங்கள். 100 நாள் கூலி சின்னத் தொகை இல்லை. மற்றவர்கள் நமக்குச் செய்யும் தப்பு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை.)

செய்ய வேண்டியது இதுதான். இரவு வரை தள்ளிப்போடாமல், பேசிய 5 நிமிஷத்துக்குள், நின்ற இடத்திலேயே ஜெபியுங்கள். எபிரெயர் 4:16 "ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபை" என்கிறது; அந்தச் சமயம் அதுதான். "என் பாவங்களை மன்னியும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனசில் ஒட்டாது. யாரிடம், என்ன வார்த்தை, எந்தக் குரலில் என்று சொல்லுங்கள்: "ஆண்டவரே, தண்ணீர் கொட்டியதற்காக மகனை 'கண் எங்கே இருக்கு' என்று கத்தினேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை." அதன் பிறகு, பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டுச் சொல்லி, மன்னித்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். வாக்குறுதி எதுவும் கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் நாம் ஸ்தோத்திரத்தை விட்டுவிட்டு வாக்குறுதிக்குத் தாவுகிறோம். சும்மா மன்னிப்பு வாங்குவது நம் பெருமைக்கு வலிக்கும். தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை அளிக்கிறார் என்று யாக்கோபு 4:6 சொல்வது இந்த இடத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. அன்று காலை தானே மன்னிப்பு வாங்கினவருக்கு, மத்தியானம் இன்னொருவரை விரட்டுவது அவ்வளவு சுலபமாக வராது. காத்திருப்பதா, செய்வதா என்று கேட்டீர்களே, இப்படி வாங்கிக்கொள்வதுதான் நம் பக்கத்து வேலை.

ஒலிவக்கிளை:
மேலே சொன்னதோடு, சாந்தம் என்றால் எது என்பதையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதையே சாந்தம் என்று நினைத்துவிடுவோம்.

தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் சாந்தம் என்று வரும் இடங்களுக்குப் பின்னால் மூலமொழியான கிரேக்கத்தில் முக்கியமாக இரண்டு வார்த்தைகள் உண்டு. கலாத்தியர் 5:23-இல் இருப்பது பிரவுடேஸ். பழைய கிரேக்கத்தில் பழக்கப்பட்ட குதிரைக்கும் இதே வேர்ச்சொல்லைச் சொல்வார்கள்: பலம் குறையவில்லை, கடிவாளத்துக்கு அடங்குகிறது. பிலிப்பியர் 4:5-இல் "உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக" என்பதில் இருப்பது எபியெய்கெஸ். அது தனக்கு உரிமை இருந்தும் விடாப்பிடியாக நிற்காமல் விட்டுக்கொடுக்கிற குணம். முதலாவது கோபம் வரும்போது வேண்டியது. இரண்டாவது நம் பக்கம் நியாயம் இருக்கும்போது வேண்டியது. வீட்டுச் சண்டைகளில் இரண்டாவதுதான் அதிகம் உதைக்கிறது, ஏனென்றால் அங்கே எல்லோரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கும்.

மோசே மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 சொல்வது, அவன் உடன்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவனுக்கு விரோதமாய்ப் பேசும் இடத்தில். அங்கே அவன் தனக்காக வாதாடவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோது அவளுக்காகக் கெஞ்சினான். அதே மோசே எண்ணாகமம் 20-இல் ஜனங்களைக் "கலகக்காரரே" என்று கூப்பிட்டுக் கன்மலையை இரண்டு தரம் அடிக்கிறான். "தன் உதடுகளினால் பதறிப்பேசினான்" என்கிறது சங்கீதம் 106:33. சாந்தம் ஒருமுறை வந்தால் கையிருப்பாக இருக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: சாந்தம் என்பது சகித்துக்கொண்டு கிடப்பது அல்ல. கன்னத்தில் அறைந்தவனிடம் இயேசு "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பவுல் வாரினால் கட்டப்பட்டபோது தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார் (அப். 22:25). பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், நம்பகமான ஒருவரிடம் சொல்வதும், சட்டத்தின் உதவியைக் கேட்பதும் சாந்தத்துக்கு விரோதமில்லை.

கடுகுவிதை:
நன்றி. அந்தத் தவணைக் குரல் நன்றாகவே உறைத்தது. இன்னொரு கேள்வி: பிள்ளையிடம் பெற்றோர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பலர் சொல்கிறார்களே? சாந்தம் என்று சொல்லிக் கண்டிக்காமல் விட்டுவிடுவதா?

வலைபழுதுபார்ப்பவர்:
கண்டியுங்கள். கலாத்தியர் 6:1 "சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்தான் மத்தேயு 4:21-இல் வலைகளைப் பழுதுபார்ப்பதற்கும் வருகிறது. கிழிந்த வலையை இழுத்தால் கிழிசல் பெரிதாகும். கண்ணியைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் முடிச்சுப் போட வேண்டும்.

தண்ணீர் கொட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தவறு இரண்டு: பிள்ளையின் கவனக்குறைவு, உங்கள் கத்தல். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடாதீர்கள். முதலில் உங்களுடையது, பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து: "நான் அப்படிக் கத்தினது தப்பு. நீ பயந்துட்டே. என்னை மன்னிச்சுக்கோ." இதோடு நிறுத்த வேண்டும். "ஆனா நீயும் பார்த்துப் பிடிச்சிருக்கணும்" என்று சேர்த்தால், பிள்ளையின் காதில் அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வந்தது மட்டுமே தங்கும். பதில் வரும் வரை வற்புறுத்தவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு ஒருநாள் ஆகும். பிறகு, சாதாரணக் குரலில்: "துணி எடுத்துட்டு வா, சேர்ந்து துடைக்கலாம்." துடைக்கிற வேலை பிள்ளைக்கு உண்டு. கண்டிப்பு அங்கே இருக்கிறது, அவமானம் இல்லை. "பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி" என்று கொலோசெயர் 3:21 பயப்படுவது அந்த அவமானத்துக்குத்தான். மரியாதை போகாது. கிருபை என்றால் என்ன என்று பிள்ளை முதன்முதலில் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

பெரியவர்களிடமும் இதே முறைதான், முதலில் தனிமையில் (மத். 18:15). ஒரு சமயத்தில் ஒரே விஷயம். "எப்பவும்", "ஒருநாளும்" என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடுங்கள், பழைய கணக்கு தானாகக் குறையும். எபேசியர் 4:29-இல் "கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்" என்ற இடத்தில், பிரயோஜனம் என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் காரிஸ், அதாவது கிருபை. நம் வார்த்தை கேட்கிறவருக்குக் கிருபையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்கிறார் பவுல்.

சூரைச்செடி:
சுருக்கமாக ஒன்று. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி, தான் சாகவேண்டும் என்று தேவனிடம் கேட்கிறான். தேவன் உடனே பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார், தூதனைக்கொண்டு சாப்பிட வைத்தார், மறுபடியும் தூங்க விட்டு மறுபடியும் சாப்பிட வைத்தார். தேவன் மெல்லிய சத்தத்தில் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

ஒரு வாரம், குரல் உயரும் ஒவ்வொரு முறையும் மணியை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம், எழுதினால் நம் பக்க நியாயம்தான் வரும். ஏழு நாளில் மணிகள் ஒரே இடத்தில் குவிகின்றனவா என்று பாருங்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புகிற பரபரப்பு, வேலை முடிந்து வந்த முதல் அரைமணி, தூக்கம் குறைந்த மறுநாள் காலை. குவிந்தால், அந்த நேரத்துக்கு 10 நிமிஷம் முன்னாடி ஒரு வேலையைக் குறையுங்கள், கதவைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் நின்று ஜெபியுங்கள். ஜெபம் காலையில் இருக்கிறது, சறுக்கல் சாயங்காலம் இருக்கிறது என்றால் ஜெபத்தில் கொஞ்சத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.